வண்டி எந்தக் கிழமை வரும்? – நூலகர் பதில்கள்

கிராமங்களுக்குப் போய்வந்த நடமாடும் நூலக வேன்கள் மறுபடியும் ஓட வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கங்களை நிறைத்துவிட்டன. வேறு விஷயங்கள் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியில் அந்தக் காலத்தில் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியது என்று எங்கள் தாத்தா சொல்கிறார். கல்லூரியில் சொன்னால் தோழிகள் நம்ப மறுக்கிறார்கள். உண்மைதானா?
– கல்லூரி மாணவி, நீடாமங்கலம்

உண்மைதான் அம்மா. தாத்தா இன்னும் என்னென்ன சொல்கிறாரோ அதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் அந்த வண்டி புறப்பட்டது. முயற்சி எடுத்தவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தொடங்கி வைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத் துறையில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அவர்தான் ஆசான். சீர்காழிக்காரர், 1892-ல் பிறந்தவர், கணக்கு வாத்தியார். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் பொறுப்பை ஏற்று, லண்டனுக்குப் போய்ப் பயிற்சி பெற்று வந்தார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் உருவானபோது அதன் உயிர்நாடி அவர்தான். அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் இந்த வண்டி புறப்பட்ட அதே 1931-ல்தான்.

அந்த ஐந்தில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது. சென்னையில் உட்கார்ந்து இதை எழுதிவிடலாம். வெண்ணாற்றங்கரையில் நடவு வேலை பார்க்கிறவரும் ஒரு வாசகர்தான் என்று ஏற்றுக்கொண்டால், புத்தகம் அவர் இருக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும். 1931-ல் டெல்டாவின் ஆற்றங்கரைப் பாதைகளில், வாய்க்கால் மதகுகளைத் தாண்டி, எந்தத் தெருவுக்கும் நுழையக்கூடியது மாட்டுவண்டி ஒன்றுதான். ஒரு பொறியாளருக்கு அந்தக் கணக்கு உடனே புரிந்திருக்கும். ஊரில் என்ன ஓடுகிறதோ அதில் புத்தகத்தை ஏற்றினார். இன்றைக்கு நூலகச் சேவை பற்றிப் பேசுகிற பலர் முதலில் குளிர்சாதன பேருந்து வேண்டும் என்கிறார்கள். மேலவாசலுக்கு ஒரு நடை போய் நின்று யோசித்துப் பார்க்கச் சொல்வேன்.

அதற்கு முன்பே பரோடா சமஸ்தானத்தில் மன்னர் மூன்றாம் சாயாஜிராவ், அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை 1910-ல் வரவழைத்து, ஊர் ஊராக நூலகம் அமைத்தார். மரப்பெட்டிகளில் புத்தகங்களை அடுக்கி கிராமங்களுக்கு அனுப்பும் ஏற்பாடும் அங்கே இருந்தது. பெட்டி போய்ச் சேர்வது நல்ல காரியம்தான். ஆனால் பெட்டியோடு ஒரு ஆளும் வந்து, “உனக்கு என்னப்பா வேணும்?” என்று கேட்டால் அந்தப் புத்தகங்களுக்கு வரும் உயிரே தனி. மன்னார்குடி வண்டியை நான் இவ்வளவு கொண்டாடுவது அதற்காகத்தான்.

கையில் கைப்பேசி இருக்கிறது. படிக்க எல்லாம் அதிலேயே கிடைக்கிறது. டீசல் போட்டு வேனில் புத்தகம் கொண்டுபோவது வீண்செலவு இல்லையா?
– மென்பொருள் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

உங்களுக்குக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் கைப்பேசி ஆளுக்கொன்று இருக்கும். நான் வேனில் போன ஊர்களில் இன்றைக்கும் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். காலையில் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தால், சார்ஜ் இருக்கும் வரை அண்ணன் கையில் இருக்கும். அந்த வீட்டில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் பெண்பிள்ளைக்கு அது எப்போது கிடைக்கும்?

கிடைத்தாலும், கைப்பேசியில் அந்தக் குழந்தை படிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. பார்க்கும். எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுகிற வயதில் பெரிய எழுத்தும், பக்கத்துக்கு ஒரு படமும், விரல் வைத்துத் தொடர்ந்து போக ஒரு வரியும் வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டிருக்கிறார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு குழந்தை ‘நுழை’ புத்தகம் ஒன்றை முழுதாக வாசித்து முடித்து அடுத்ததைக் கேட்கும்போது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். டீசல் செலவு பற்றிய பேச்சு அங்கே எடுபடாது, ஐயா.

நடமாடும் நூலகம் முதன்முதலில் எந்த நாட்டில் தொடங்கியது? வகுப்பில் சொல்ல உதவியாக இருக்கும்.
– ஆசிரியர், ஈரோடு

முதல் எது என்பதில் எப்போதும் தகராறு உண்டு. இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரில் தொழிலாளர் கல்விக்காக இருந்த ஒரு நிலையம், 1850-களின் இறுதியிலேயே குதிரை பூட்டிய வண்டியில் புத்தகம் கொண்டுபோனது. வகுப்பில் கதையாகச் சொல்ல வேண்டுமென்றால் மேரி டிட்கம்ப் அம்மையாரைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு மறக்காது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் ஊர் நூலகர் அவர். ஊருக்குள் நல்ல நூலகம் இருந்தும் பண்ணைகளில் இருப்பவர்கள் வந்து சேரவில்லை. அங்கங்கே கடைகளிலும் தபால் நிலையங்களிலும் புத்தகப் பெட்டி வைத்துப் பார்த்தார். அதுவும் போதவில்லை. 1905-ல் இரண்டு குதிரை பூட்டிய ஒரு வண்டியைச் செய்ய வைத்தார். வண்டியின் வெளிப்பக்கம் இரண்டிலும் அலமாரிகள், நடுவில் கூடுதல் புத்தகங்களுக்கு இடம். நூலகக் கட்டடத்தைப் பராமரித்துவந்த ஜோஷுவா தாமஸ் என்பவர்தான் ஓட்டினார். அந்தப் பக்கத்துச் சாலை ஒவ்வொன்றும், அந்த மக்கள் ஒவ்வொருவரும் அவருக்குப் பழக்கம்.

வண்டியைக் கறுப்பாக அடக்கமாகச் செய்துவிட்டார்கள். ஒரு பண்ணைக்காரர் தூரத்தில் பார்த்து, பிணவண்டி என்று பயந்து, “இங்கே நிறுத்தாதே, எங்களுக்கு வேலையில்லை” என்று கூவினாராம். டிட்கம்ப் அம்மையாரே இதை எழுதியிருக்கிறார். உடனே சக்கரங்களுக்குச் சிவப்பு வண்ணம் அடித்தார்கள். 1910-ல் சரக்கு ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கிப்போனது. அதோடு விட்டுவிடாமல் 1912-ல் மோட்டார் வண்டியாகவே வாங்கிவிட்டார்கள்.

பிறகு 1935 முதல் 1943 வரை, அதே அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில் பெரும்பாலும் பெண்களே குதிரையிலும் கோவேறு கழுதையிலும் புத்தகம் சுமந்தார்கள். வேலையில்லாக் காலத்தில் அரசு கொடுத்த வேலை அது. மாதம் 28 டாலர் சம்பளம், குதிரையை அவரவரே கொண்டுவர வேண்டும். புத்தகம் பற்றாக்குறை. அதனால் பழைய பத்திரிகைகளிலிருந்து சமையல் குறிப்பு, தையல் மாதிரி, கதை என்று வெட்டி ஒட்டி, தாங்களே தொகுப்புகள் செய்து வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் அம்மாக்கள் நினைவுதான். வார இதழில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து எடுத்து, முடிந்ததும் பைண்டு போட்டு, தெரு முழுக்கச் சுற்றவிட்டவர்கள் அவர்கள். எங்கள் வேனுக்கு ஒரு அம்மா அப்படி ஒரு பைண்டு புத்தகம் கொடுத்தார். நடுநடுவே விளம்பரம், ஓரத்தில் மஞ்சள் கறை. அதற்குத்தான் வரிசை நீளும்.

எங்கள் இளைஞர் மன்றத்துக்கு வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் பழைய ஆம்னி வேன் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். நடமாடும் நூலகம் ஆக்கலாம் என்று நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது? என்னென்ன கவனிக்க வேண்டும்?
– இளைஞர் மன்றத்தினர், ஒரத்தநாடு வட்டாரம்

தம்பிகளா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனசு நிறைந்துவிட்டது. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

வேனைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களுக்கு சைக்கிளில் போய் வாருங்கள். எந்த ஊரில் எந்த நேரத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நடவு, அறுப்புக் காலத்தில் பகலில் ஊரே காலியாக இருக்கும். நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பெண்கள் மதியத்துக்கு மேல்தான் வருவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டு வந்து ஒரு வாய் ஏதாவது சாப்பிட்ட பிறகு. என் அனுபவத்தில் சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரைதான் தங்கமான நேரம். காலையில் போனால் பால் சொசைட்டி பக்கம் நிற்கலாம்.

அடுத்தது, வண்டி எங்கே நிற்பது. எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் அன்போடு, “கோயில் வாசலில் நிறுத்துங்க, நிழல் இருக்கு” என்பார்கள். நிறுத்தினால் ஊர்த்தெருப் பிள்ளைகள் மட்டும் வரும். காலனிப் பிள்ளைகள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். யாரும் அவர்களைத் தடுக்க வேண்டியதே இல்லை, அந்த இடமே தடுத்துவிடும். ஆகவே காலனியில் முதல் நிறுத்தம் வையுங்கள். “பொதுவா ஒரு இடத்துல வச்சா எல்லாரும் வரலாமே” என்று சொல்வார்கள். பொது என்று அவர்கள் காட்டும் இடம் யாருக்குப் பொது என்று விசாரியுங்கள். பள்ளிக்கூட வாசல், அங்கன்வாடி, ரேஷன் கடை, இந்த மூன்றும் பெரும்பாலும் சரிப்பட்டு வரும். அதிலும் ரேஷன் கடையில் அரிசி போடுகிற நாளில் போனால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் உங்கள் வாசகர்கள்.

ஒரு நிறுத்தத்தில், நாற்றுப் பறித்துவிட்டு வரும் பெண்கள் சிலர் வேனுக்கு எட்ட நின்று பார்ப்பார்கள், கிட்டே வரமாட்டார்கள். காலில் சேறு, கையில் சேறு. புத்தகம் அழுக்காகிவிடும் என்ற எண்ணம். எங்கள் டிரைவர் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீரும் ஒரு துண்டும் கொண்டுவந்து வேன் படியில் வைக்க ஆரம்பித்தார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரமே கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நீங்களும் ஒரு குடம் வையுங்கள்.

இனி வேன். உட்புறத்தை மாற்றுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். வண்டியின் அமைப்பைத் தன்னிஷ்டத்துக்கு மாற்றுவதற்குச் சட்டம் இடம் தராது. எஃப்.சி., இன்ஷூரன்ஸ் இரண்டும் நடப்பில் இருக்க வேண்டும். அலமாரித் தட்டுகளை நேராக அடிக்காதீர்கள். பின்பக்கம் சற்றுத் தாழ்ந்து சாய்ந்திருந்தால்தான் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது புத்தகம் தலையில் விழாது. தட்டுக்கு முன்னால் ஒரு பட்டையும் வேண்டும். ஆம்னிக்கு முந்நூறு புத்தகம் போதும். ஒரு நாவல் கால் கிலோவுக்குக் குறையாது. முந்நூறு என்றால் நூறு கிலோ பக்கம் வந்துவிடும், அதோடு நீங்களும் ஏற வேண்டுமே. பாரம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். மீதிப் புத்தகங்களை மன்றத்தில் வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வேனில் புதிதாக நாலு தலைப்பு தெரிந்தால்தான் ஆட்கள் திரும்ப வருவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனம். தார்ப்பாய் போதாது, கதவிடுக்கில் ரப்பர் பட்டை போடுங்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் போட்டால் அப்பளமாகச் சுருண்டுவிடும். நிழலில், மின்விசிறிக் காற்றில், பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்துங்கள். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் காய்ந்த வேப்பிலையும் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைக்கலாம்.

கடைசியாக, கிழமை. புதன்கிழமை நாலரை மணிக்கு வருவதாகச் சொன்னால் புதன்கிழமை நாலரை மணிக்கு அங்கே நில்லுங்கள். மழையோ, டிரைவருக்குக் காய்ச்சலோ, தலைவர் வீட்டுக் கல்யாணமோ, எதுவானாலும். வேன் கெட்டுப்போனால் பையில் இருபது புத்தகம் போட்டுக்கொண்டு பைக்கில் போங்கள். இரண்டு வாரம் தவறினால் பிள்ளைகள் காத்திருப்பதை விட்டுவிடும். பிறகு எத்தனை ஒலிபெருக்கி வைத்தாலும் அந்தக் கூட்டத்தைத் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். நடமாடும் நூலகங்கள் நின்றுபோனதற்குப் பணமில்லை, ஆளில்லை என்று காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை, முதலில் கிழமை தவறும், பிறகு கூட்டம் குறையும், பிறகு “படிக்க ஆளே இல்லை” என்று கோப்பில் எழுதுவார்கள், அதன் பிறகுதான் வண்டி ஷெட்டுக்குப் போகும். ஆறு ஊர்களுக்கு ஒழுங்காகப் போக முடியும் என்றால் ஆறே போதும். ஏழாவது ஊர்க்காரர் வந்து கெஞ்சினாலும், இப்போது முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் பாதிப் பேர் ஐந்தாவது, எட்டாவது வரை படித்தவர்கள். அவர்களுக்கு என்ன புத்தகம் கொடுத்தால் படிப்பார்கள்?
– சுய உதவிக் குழுத் தலைவி, திருத்துறைப்பூண்டி

அவர்களிடமே கேளுங்கள் அம்மா. நாம் முடிவு செய்து கொண்டுபோவதில் பாதி திரும்பி வந்துவிடும்.

என் வேனில் ஓயாமல் சுற்றியவற்றைச் சொல்கிறேன். கோலப் புத்தகம் மார்கழிக்கு முன்னால் கிடைக்கவே கிடைக்காது. தையல் கட்டிங் அளவுப் புத்தகம். மாத நாவல், அதிலும் குடும்பக் கதையும் துப்பறியும் கதையும். ஆடு, கோழி வளர்ப்பு. பட்டா, பத்திரம், வாரிசுச் சான்றிதழ் பற்றிய எளிய சட்டப் புத்தகம். இதைப் பெண்கள் கேட்பார்கள் என்று பலருக்குத் தெரியாது. கணவரை இழந்தவர்கள், பிறந்த வீட்டில் பங்கு பற்றி யோசிப்பவர்கள் சத்தமில்லாமல் எடுத்துப்போவார்கள். அந்தப் புத்தகத்தைக் கொடுக்கும்போது தலைப்பை உரக்கப் படிக்காமல் பதிவு செய்யுங்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்களும், ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்களும் இருந்தால் குரூப் 4 எழுதும் பெண்கள் உங்களைத் தேடி வருவார்கள்.

வாசித்துப் பல வருடம் ஆனவர்களுக்குக் குழந்தைகள் புத்தகத்திலிருந்து தொடங்குவது எளிது. ஆனால் “இது உனக்கு” என்று கொடுத்தால் மனம் நோகும். “பேத்திக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்று கொடுத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். உங்கள் குழுவில் சைக்கிள் ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தால் போதும், கிளை நூலகத்திலிருந்து வாரம் ஒரு பை புத்தகம் எடுத்துவந்து குழுக் கூட்டத்தில் பரப்பலாம். உங்களுக்கு வேனே வேண்டாம்.

கொடுத்த புத்தகம் திரும்பி வராதே, என்ன செய்வீர்கள்?
– வாசகர், கும்பகோணம்

வரும். பெரும்பாலும் வரும். கிராமத்தில் யார் வீடு எது என்று எல்லாருக்கும் தெரியும், வெட்கமும் உண்டு. வராததில் பெரும்பகுதி, குழந்தை கிழித்துவிட்டதால் பயந்து கொடுக்காமல் வைத்திருப்பது. “கிழிஞ்சாலும் கொண்டுவா, ஒட்டிக்கலாம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அதுவும் வந்துவிடும். அபராதம் வாங்குவது எனக்குப் பிடிக்காது. இரண்டு ரூபாய்க்கு பயந்து ஒரு பிள்ளை வேன் பக்கமே வராமல் போய்விடும். புத்தகம் தொலைந்தால் ஒரு புத்தகம் நஷ்டம். வாசகர் தொலைந்தால் அந்த வீட்டில் அடுத்து வளரும் பிள்ளைகளும் சேர்ந்து போய்விடுவார்கள்.

நூலக வரி என்று நம்மிடம் வாங்குகிறார்களே, அந்தப் பணத்தில் வேன் ஓட்டச் சொல்லி நாம் கேட்க முடியுமா?
– ஓய்வுபெற்ற எழுத்தர், நாகப்பட்டினம்

கண்டிப்பாகக் கேட்கலாம் ஐயா. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகச் சேர்கிறது. 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் பயன் இது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் வந்த நூலகச் சட்டமும் அதுதான். அதற்காக ரங்கநாதன் பல ஆண்டுகள் பாடுபட்டார். அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் அதை நிறைவேற்றினார். ஊராட்சியும் நகராட்சியும் வசூலிக்கும் இந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும்.

மனு எழுதும்போது “நடமாடும் நூலகம் வேண்டும்” என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தெந்த ஊர், பக்கத்துக் கிளை நூலகம் எத்தனை கிலோமீட்டர், பஸ் எத்தனை மணிக்கு, அங்கே பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எந்தக் கிழமை எந்த இடத்தில் நின்றால் வசதி, இத்தனையும் எழுதி ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு கொடுங்கள். கிராம சபைக் கூட்டத்திலும் தீர்மானமாகப் போடச் சொல்லுங்கள். எழுத்தராக இருந்தவர், இதைவிட நன்றாக உங்களுக்கே எழுத வரும்.

என் மாமியாருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. இடுப்பெலும்பு முறிந்த பிறகு மாடியைவிட்டு இறங்குவதில்லை. ஒரு காலத்தில் நாவலாகப் படித்துத் தள்ளியவர். இப்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏதாவது வழி சொல்லுங்கள்.
– வாசகி, தஞ்சாவூர்

உங்களை நினைத்து மகிழ்ச்சியாக இருக்கிறது அம்மா. மாமியார் சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்று பார்ப்பவர்கள் உண்டு. படித்தாரா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பொது நூலகத் துறையில் ‘நூலக நண்பர்கள்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. நூலகத்துக்கு வர முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோர் வீட்டுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுவந்து கொடுத்து, படித்ததைத் திரும்ப எடுத்துப்போவார்கள். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் போய்க் கேளுங்கள். பகுதிக்கு ஆள் இல்லை என்றால் உங்கள் வீட்டிலேயே கல்லூரி படிக்கும் பிள்ளை இருந்தால் தன்னார்வலராகச் சேரச் சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் இன்னும் இரண்டு பாட்டிகளுக்கும் சேர்த்துக் கொண்டுவரலாம். முன்பெல்லாம் மயிலாப்பூர், திருவல்லிக்கேணியில் வாடகை நூலகக்காரர்கள் சைக்கிளில் வீட்டுக்கு வீடு பத்திரிகையும் நாவலும் கொண்டுவந்து போட்டு, வாரம் கழித்து எடுத்துப்போவார்கள். மாமியாருக்கு நினைவிருக்கலாம், கேட்டுப் பாருங்கள், பேச்சு வளரும்.

அவர் படித்த காலத்து நாவல்களிலிருந்தே தொடங்குங்கள். தெரிந்த கதையானால் கண்ணுக்குச் சிரமம் பாதி குறையும். கனமான கெட்டி அட்டைப் புத்தகம் வேண்டாம், மெலிந்த கைகள் தாங்காது. பெரிய எழுத்துப் பதிப்பு கிடைக்காவிட்டால் கையில் பிடிக்கும் பூதக்கண்ணாடியைவிட, பக்கத்தின் மேல் அப்படியே படுக்க வைக்கும் தகடு போன்ற கண்ணாடி வசதி. கண்புரை இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். படிப்பதில் விருப்பம் போய்விட்டது என்று நாம் நினைக்கும் பல பேருக்குப் பார்வைதான் போயிருக்கும்.

சிங்கப்பூரில் ‘மோலி’ என்ற நூலகப் பேருந்து ஓடுகிறது. தமிழ்ப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் இதுபோல் ஏன் இல்லை?
– வாசகர், சிங்கப்பூர்

அங்கே 1960-லேயே நடமாடும் நூலகம் இருந்தது. நடுவில் நின்றுபோய், 2008-ல் ‘மோலி’ என்ற பெயரில் திரும்ப வந்தது. அந்தத் திரும்ப வருதலைத்தான் நான் கவனிக்கச் சொல்வேன். எல்லாப் பேட்டைகளிலும் நல்ல நூலகக் கட்டடம் வந்த பிறகும், சிறப்புப் பள்ளிகளுக்கும் ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்களுக்கும் பேருந்து போக வேண்டியிருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். நம்மூரில் மதுரையிலும் சென்னையிலும் பிரம்மாண்டமான நூலகங்கள் எழுந்திருக்கின்றன. பெருமையாகத்தான் இருக்கிறது. முத்துப்பேட்டைப் பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு பிள்ளை அங்கே எப்படிப் போகும்?

ஊருக்கு வரும்போது தமிழ்ப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகவும் சேரலாம்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு உங்களை மாதிரி வேனில் போகும் நூலகர் ஆக ஆசை. என்ன படிக்க வேண்டும்?
– மாணவி, வலங்கைமான்

கண்ணு, பிளஸ் டூ முடித்து நூலக அறிவியலில் சான்றிதழ்ப் படிப்பு படித்தால் ஊர்ப்புற நூலகர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். மேலே போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பட்டம் வாங்கு. உனக்குப் பிடித்த பாடமாக இருக்கட்டும். ரங்கநாதன் கணக்கு படித்தவர்தானே. அதன் பிறகு நூலக அறிவியலில் இளநிலை, முதுநிலை இருக்கின்றன. வேன் ஓட்டவும் கற்றுக்கொள். டிரைவர் வராத நாளில் யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

அதுவரை காத்திருக்காதே. உங்கள் பள்ளி நூலக அலமாரியின் சாவி எந்த டீச்சரிடம் இருக்கிறது என்று விசாரி. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அலமாரியைத் திறந்து, ஆறாம் வகுப்புக்கு நீயே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க அனுமதி கேள். ஒரு நோட்டில் தேதி, பெயர், புத்தகம், திரும்பி வந்த நாள் என்று நாலு கட்டம் போட்டுக்கொள். அரைப் பரீட்சை லீவுக்கு முன்னால் எந்தப் புத்தகம் அதிகமாகப் போயிற்று என்று எனக்கு எழுது. இந்தப் பக்கத்திலேயே போடச் சொல்கிறேன்.